விஸ்கி கலக்க உட்காருகிறவர்கள் செய்யும் தவறுகள்

எடின்பரோவின் துறைமுகப் பக்கமான லீத்தில், ஒரு பழைய கிடங்கின் மாடியில், சனிக்கிழமைதோறும் பத்துப் பன்னிரண்டு பேருக்கு பிளெண்டட் ஸ்காட்ச் கலக்கக் கற்றுக்கொடுக்கிறேன். ஆளுக்கு ஆறு மாதிரி பாட்டில்கள், ஒரு பிப்பெட், ஓர் அளவு சிலிண்டர், துலிப் பூ போல வாய் குறுகிய நான்கு கண்ணாடி டம்ளர்கள், ஒரு ஜாடித் தண்ணீர். ஆறில் ஐந்து பாட்டிலில் மால்ட், அதாவது முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்த விஸ்கி; ஒன்றில் கிரெயின், அதாவது கோதுமை, மக்காச்சோளம் மாதிரி தானியத்தில் வடித்த விஸ்கி. இரண்டும் சேர்ந்தால்தான் பிளெண்டட் ஸ்காட்ச். இரண்டு மணி நேரம் முடிந்ததும் அவரவர் கலவையை 200 மில்லி பாட்டிலில் ஊற்றி, மேலே பெயர் எழுதி எடுத்துப் போகலாம்.

போன வாரம் வந்தவர்களில் நான்கு பேர், முதல் ஐந்து நிமிடத்திலேயே கிரெயின் பாட்டிலை மேசை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. பதினைந்து வருடத்துக்கு முன் நானும் அதைத்தான் தள்ளினேன். அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஐஸ் போடலாமா, சோடா ஊற்றலாமா, கோலாவில் கலப்பது பாவமா என்பதெல்லாம் இங்கே கிடையாது. உங்கள் டம்ளர், உங்கள் இஷ்டம்.

## நிறத்தைப் பார்த்து முடிவு செய்வது

நிறத்துக்காகக் கேரமல் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. கண்ணை நம்பாதீர்கள்.

## பீட்டை அள்ளி ஊற்றுவது

ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் வடிக்கும் புகை மால்ட்டை முதல் தடவை மோந்து பார்க்கிறவர்கள் ஒன்று முகம் சுளிப்பார்கள், இல்லை காதலில் விழுவார்கள். காதலில் விழுந்தவர்களால்தான் தொல்லை. சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த பீட் கட்டியை எரித்து, அந்தப் புகையில் முளைகட்டிய பார்லியை உலர்த்துவதால் வருகிற வாசனை அது. கடலோரம், கரி, ஆஸ்பத்திரி வராந்தா எல்லாம் கலந்த மாதிரி இருக்கும். சாம்பாரில் பெருங்காயம் எப்படியோ, பிளெண்டில் இது அப்படி. 100 மில்லிக்கு 3 மில்லி போட்டால், புகை எங்கிருந்து வருகிறதென்று தேட வைக்கும். 15 போட்டால் மற்ற ஐந்து பாட்டிலையும் திறந்ததே வீண். கூடிப்போனதைச் சரிக்கட்ட வேறு மால்ட்டை ஊற்றிக்கொண்டே போகாதீர்கள். கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

## கிரெயினை ஒதுக்குவது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டும்.

அப்போது நான் ஒரு கம்பெனியின் மாதிரி அறையில் எடுபிடி. டம்ளர் கழுவுவது, லேபிள் ஒட்டுவது, கிடங்கிலிருந்து வரும் மாதிரிகளைத் தட்டில் அடுக்குவது. நாலு மாதம் அந்த அறைக் காற்றைச் சுவாசித்ததும் எனக்கே எல்லாம் தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு. நண்பர் ஒருவரின் ஐம்பதாவது பிறந்தநாள் வந்தது. ஆறு பேர் பணம் போட்டோம். அவருக்கென்றே ஒரு விஸ்கி கலந்து தருவதாக நான் வாக்குக் கொடுத்தேன். ஏழு சிங்கிள் மால்ட் (ஒவ்வொன்றும் ஒரே டிஸ்டில்லரியில் வடித்தது) வாங்கினேன்: ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதியிலிருந்து மூன்று, வடக்கு ஹைலண்ட்ஸிலிருந்து இரண்டு, ஐலாவிலிருந்து ஒன்று, ஷெர்ரி என்ற ஸ்பெயின் ஒயின் இருந்த பீப்பாயில் கிடந்து கறுத்தது ஒன்று. 400 பவுண்டுக்கு மேல் ஆயிற்று. கிரெயின் ஒரு சொட்டுக்கூட வாங்கவில்லை. "அது விலையைக் குறைக்கப் போடுகிற சரக்கு, நண்பருக்கு அதையா கொடுப்பது?" என்று பெருமையாக வேறு சொல்லித் திரிந்தேன்.

ஏழையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றினேன். கிட்டத்தட்ட ஐந்து லிட்டர். மோந்து பார்த்தால், ஏழு பேர் ஒரே நேரத்தில் கத்துகிற பஞ்சாயத்து. தனித்தனியே ஒவ்வொன்றும் அருமையான சரக்கு. சேர்ந்தபோது ஷெர்ரியின் உலர்திராட்சை வாசனையைப் புகை அமுக்கியது, புகையை ஹைலண்ட் மால்ட்டின் மெழுகு வாசனை மூடியது, ஸ்பேசைடின் ஆப்பிள், பேரிக்காய் எல்லாம் எங்கே போயின என்றே தெரியவில்லை. வாயில் வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு. இன்னொரு மால்ட் ஊற்றினேன். இன்னும் மோசமானது.

கிடங்கில் நாற்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அவ்வப்போது அந்தப் பக்கம் வருவார். அவரிடம் நீட்டினேன். மோந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. என் கலவையில் கொஞ்சம் சிலிண்டரில் எடுத்து, போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் கிடந்த 12 வருட கிரெயினை அதே அளவு ஊற்றி, ஒரு சுற்று சுற்றி என்னிடம் கொடுத்தார். முதலில் தேன். பின்னால் பேரிக்காய். கடைசியில், தூரத்தில் யாரோ அடுப்பு மூட்டுகிற மாதிரி புகை. எல்லாம் வரிசையில் வந்து நின்றன. "இப்போது கேட்கிறதா?" என்றார். கேட்டது. ஆனால் ஐந்து லிட்டருக்கு ஈடாக அப்படிப்பட்ட கிரெயின் வாங்க என்னிடம் காசு இல்லை. பிறந்தநாளோ மறுநாள். கடைசியில் கடையில் ஒரு பிளெண்டட் ஸ்காட்ச் வாங்கிக் கொடுத்தோம். அதில் பாதிக்கு மேல் கிரெயினாகத்தான் இருந்திருக்கும். நண்பர் ரசித்துக் குடித்தார்.

விஷயம் இதுதான். மால்ட் விஸ்கி முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து, செம்புப் பானையில் தவணை தவணையாக, பெரும்பாலும் இரண்டு முறை வடிப்பது. கனமான எண்ணெய்ச் சத்துகள் அதோடு சேர்ந்து வரும். கிரெயினுக்குக் கோதுமையோ மக்காச்சோளமோ, கூடக் கொஞ்சம் முளைகட்டிய பார்லி. வடிப்பது உயரமான தூண் மாதிரி வடிகலனில், நிறுத்தாமல். ஆல்கஹால் 94.8 சதவீதத்தைத் தொடும் முன்பே நிறுத்திவிட வேண்டும் என்பது சட்டம். தானியத்தின் வாசனை கொஞ்சமாவது மிஞ்ச வேண்டும் என்பதற்காக. வருவது லேசான சரக்கு. ஓக் பீப்பாயில் கிடந்ததும் வெனிலா, தேங்காய், பால்கோவா மாதிரி ஓர் இனிப்பு ஏறும். இந்த லேசுதான் மால்ட்களுக்கு நடுவே இடம் விடுகிறது. தம்பூரா இல்லாமல் கச்சேரி பண்ணிப் பாருங்கள், தெரியும்.

இந்த இளக்காரம் நேற்று வந்ததில்லை. 1830இல் தூண் வடிகலனுக்குக் காப்புரிமை வாங்கியவர் ஏனியஸ் காஃபி, அயர்லாந்தில் கலால் அதிகாரியாக இருந்தவர். அயர்லாந்தின் பெரிய டிஸ்டில்லரிகள் இதில் வருவது விஸ்கியே இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டன. ஸ்காட்லாந்தின் தாழ்நிலத்துக்காரர்கள் கப்பென்று பிடித்துக்கொண்டார்கள். 1853இல் எடின்பரோவின் ஆண்ட்ரூ அஷர் பல மால்ட்களைக் கலந்து விற்றார். 1860இல் வந்த சட்டம், வரி கட்டும் முன்பே கிடங்கில் வைத்து மால்ட்டையும் கிரெயினையும் கலக்க வழிவிட்டது. அதற்கப்புறம் மளிகைக் கடைக்காரர்களின் ராஜ்ஜியம். கில்மார்னக்கில் 1820இல் கடை திறந்த ஜான் வாக்கர், எடின்பரோவில் ஜார்ஜ் பாலன்டைன், அபர்டீனில் சிவாஸ் சகோதரர்கள், எல்லோரும் மளிகைக்காரர்கள்தான். ஒரு பீப்பாய் மாதிரி இன்னொன்று இருக்காது. கடைக்கு வருகிறவரோ போன மாதம் வாங்கிய அதே ருசியைத்தான் கேட்பார். அதைக் கொடுக்கக் கலப்பதைத் தவிர வேறு வழியில்லை. பிரான்சில் திராட்சைக் கொடிகளைப் பூச்சி அரித்து பிராந்திக்குத் தட்டுப்பாடு வந்தபோது, லண்டன்காரர்களின் டம்ளரில் போய் உட்கார்ந்தது இந்த லேசான கலவைதான்.

மால்ட் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. 1905இல் லண்டனின் இஸ்லிங்டன் நகராட்சி, கிரெயின் கலந்த சரக்கை விஸ்கி என்று விற்றதாகக் கடைக்காரர்கள் மீது வழக்குப் போட்டு, கீழ்க் கோர்ட்டில் ஜெயித்தும் விட்டது. தொழிலே ஆடிப்போயிற்று. 1908இல் அரச ஆணையம் அமைத்து, 1909இல்தான் விடை வந்தது: கிரெயினும் விஸ்கிதான், கலந்ததும் விஸ்கிதான். மேசை ஓரத்துக்குப் பாட்டிலைத் தள்ளுகிறவர்கள் அந்த வழக்கை நூறு வருடம் கழித்து என் மாடியில் மறுபடி நடத்துகிறார்கள்.

போன வாரம் சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு தம்பி வெளிப்படையாகவே கேட்டார். "அண்ணா, நம்ம ஊர்ல மொலாசஸ் ஸ்பிரிட்ல கொஞ்சம் ஸ்காட்ச் ஊத்தி விஸ்கின்னு விக்கிறாங்களே, இந்த கிரெயினும் அது மாதிரிதானே?" நியாயமான சந்தேகம், ஆனால் இல்லை. மொலாசஸ் என்பது கரும்புச் சாற்றில் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் பாகு; அதிலிருந்து வடித்த ஸ்பிரிட்டை இங்கே விஸ்கி என்றே சொல்ல முடியாது. கிரெயின் தானியத்தில் வடித்து, ஸ்காட்லாந்துக்குள்ளேயே, 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில் மூன்று வருடமாவது கிடந்தாக வேண்டும். மால்ட்டுக்கு என்ன விதியோ அதே விதி. சொல்லிவிட்டு, அவருக்கு கிரெயினை மட்டும் ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். ரெண்டு நிமிடம் பேச்சே இல்லை.

அதற்காக மால்ட்டோடு மால்ட்டைச் சேர்க்கவே கூடாதென்று இல்லை. பிளெண்டட் மால்ட் என்று ஸ்காட்ச் விஸ்கிக்கான 2009 விதிகளில் தனி வகையே இருக்கிறது, நல்ல சரக்கும் இருக்கிறது. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற மால்ட்களைத் தேடிப் பிடிக்கிற மூக்கு வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் வருகிறவருக்கு நான் சொல்வது: 100 மில்லி கலவைக்கு 60 மில்லி கிரெயினை முதலில் ஊற்றுங்கள். மீதி 40இல் உங்கள் சாமர்த்தியத்தைக் காட்டுங்கள்.

## முழு வீரியத்தில் மோந்து பார்ப்பது

பீப்பாயிலிருந்து நேராக எடுத்த மாதிரிச் சரக்கில் ஆல்கஹால் 55, 60 சதவீதம் இருக்கும். அதில் மூக்கை விட்டால் சுரீரென்று ஒரு குத்து, அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு எதுவும் தெரியாது. பிளெண்டர்கள் தண்ணீர் ஊற்றி ஏறக்குறைய 20 சதவீதத்துக்கு இறக்கித்தான் மோந்து பார்ப்பார்கள். தண்ணீரை மெதுவாக ஊற்றி டம்ளரை வெளிச்சத்தில் பிடியுங்கள். சர்க்கரைப் பாகில் கம்பி ஓடுகிற மாதிரி உள்ளே இழை இழையாகச் சுழலும். அது அடங்கட்டும். அப்புறம் வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு மூக்கைக் கொண்டு போங்கள். வீரம் காட்டுகிற இடம் இது இல்லை.

## வயதைக் கூட்டிச் சொல்வது

20 வருடச் சரக்கில் 8 வருடச் சரக்கு ஒரு சொட்டு விழுந்தால், லேபிளில் 8தான் போடலாம். சராசரி எடுக்காதீர்கள்.

## எழுதி வைக்காதது

நான் கலந்ததிலேயே சிறந்த பிளெண்ட் ஒரு நவம்பர் மாலையில் கலந்தது. அளவு எதையும் குறிக்கவில்லை. போயே போச்சு.

## அன்றைக்கே தீர்ப்புச் சொல்வது

இதே லீத்தில் 1882இல் வில்லியம் சாண்டர்சன் ஏறக்குறைய நூறு கலவைகளைத் தயாரித்து, நண்பர்களையும் தொழில்காரர்களையும் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொன்னதாகக் கதை உண்டு. எல்லோரும் கை காட்டியது 69ஆம் எண் தொட்டியை, ஆங்கிலத்தில் வாட். வாட் 69 என்ற பேர் அப்படி வந்தது. நூறு தடவை முயன்ற ஆள் அவர். நம் ஆட்களோ மூன்றாவது கலவையிலேயே "சார், பிடிச்சிட்டேன்" என்று மூடியைத் திருகிவிடுகிறார்கள்.

கலந்த உடனே சரக்கு முரடாகத்தான் இருக்கும். கம்பெனிகளிலேயே கலந்ததைத் தொட்டியிலோ பீப்பாயிலோ வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் ஊறப் போட்ட பிறகே பாட்டிலில் அடைப்பார்கள். வீட்டுக்கு எடுத்துப்போன 200 மில்லியை இரண்டு வாரமாவது தொடாதீர்கள். மாவடு போட்ட அன்றைக்கே ஜாடியைத் திறந்து புளிப்பில்லை என்று குறை சொன்னால் யார் என்ன செய்ய முடியும்? அதற்காகப் பத்து வருடம் பூட்டி வைத்தால் வயது ஏறும் என்றும் நினைக்க வேண்டாம். பீப்பாயை விட்டு வந்த நாளோடு விஸ்கிக்கு வயது நின்றுவிடும்.

## பாட்டிலைப் படுக்க வைப்பது

இது ஒயின் இல்லை. 40 சதவீதச் சரக்கு கார்க்கைத் தொட்டுக்கொண்டே கிடந்தால் கார்க் இற்றுப்போகும். நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

அந்தப் பிறந்தநாள் கலவையில் ஒரு பாட்டிலை மட்டும் கொட்ட மனசு வராமல் அலமாரியில் படுக்க வைத்திருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் திறந்தபோது கார்க் பொடிப்பொடியாக உள்ளே விழுந்தது. டீ வடிகட்டியில் வடித்து ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். ஏழு பேரும் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.