தரச்சான்று ஆய்வுக்கு மனநலப் பிரிவைத் தயார்ப்படுத்துவது எப்படி?

லண்டனில் உள்ள ராயல் காலேஜ் ஆஃப் சைக்கியாட்ரிஸ்ட்ஸ், பெயரில் கல்லூரி என்றிருந்தாலும், பிரிட்டனின் மனநல மருத்துவர்களுக்கான தொழில்முறை அமைப்பு. மூளைக்குள் சிறிது மின்சாரம் செலுத்தும் மின்னதிர்வு சிகிச்சைக் கூடங்களுக்கு 2003-இல் தரச்சான்றுத் திட்டம் தொடங்கிய அதன் தர மேம்பாட்டு மையம், இன்று உள்நோயாளிப் பிரிவு, மறதி நோயைக் கண்டறியும் நினைவாற்றல் மருத்துவகம் எனப் பலவற்றையும் மதிப்பிடுகிறது. அரசின் சட்டபூர்வ ஆய்வு வேறு, இது வேறு. விருப்பமுள்ள பிரிவுகளே இதில் சேர்கின்றன.

முதலில் மையத்தின் தரநிலைகளைப் படித்து வகை பிரித்துக்கொள்ளுங்கள். நோயாளியின் பாதுகாப்பு, உரிமை, கண்ணியம், சட்டம் ஆகியவற்றைத் தொடுபவை முதல் வகை. அவற்றில் நூற்றுக்கு நூறு தேவை. எல்லாப் பிரிவுகளிடமும் எதிர்பார்க்கப்படும் இரண்டாம் வகையில் 80 விழுக்காடும், இருந்தால் நல்லது என்ற மூன்றாம் வகையில் 60 விழுக்காடும் போதும். ஆகவே சுவருக்கு வண்ணம் பூசுவதிலிருந்து தொடங்க வேண்டாம்.

அடுத்தது சுய மதிப்பீடு. முழு வேலையும் உண்மையில் இங்கேதான் இருக்கிறது. ஊழியர், நோயாளி, பராமரிக்கும் குடும்பத்தினர் ஆகியோரிடம் தனித்தனி வினாத்தாள்கள் தரப்படும். கேஸ் ஷீட்டுகளும் தணிக்கை செய்யப்படும். நோயாளி விடையெழுதும்போது வார்டு செவிலியர் அருகில் நின்றால், வருகிற விடை அவருக்காக எழுதப்பட்டதாகவே இருக்கும். கேஸ் ஷீட்டுகளையும் ஒழுங்காக எழுதப்பட்டவையாகப் பொறுக்கி எடுக்காமல், கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். பிறகு விடைகளை அருகருகே வைத்துப் பாருங்கள்: சிகிச்சைத் திட்டத்தின் நகலை எல்லோருக்கும் கொடுத்துவிட்டதாக ஊழியர்கள் எழுதியிருக்க, அப்படியொரு தாளையே பார்த்ததில்லை என்று நோயாளிகள் எழுதியிருந்தால், திருத்த வேண்டியது அந்த இடைவெளியைத்தானே தவிர விடைத்தாளை அன்று.

ஆய்வு நாளன்று வருவோர் அதிகாரிகள் அல்லர்; உங்களைப் போலவே வேறு மருத்துவமனையில் பணியாற்றும் மருத்துவரும் செவிலியரும், அவர்களோடு தாமே மனநலச் சிகிச்சை பெற்ற அனுபவமுள்ள ஒருவரோ நோயாளியைப் பராமரித்த ஒருவரோ வருவர். என் கருத்தில் இத்திட்டத்தின் உயிர்நாடி அந்தக் கடைசி நபர்தான். பூட்டிய கதவுக்கு உள்ளே இருந்தவருக்குத் தோன்றும் கேள்வி, சாவி வைத்திருந்தவருக்குத் தோன்றுவதில்லை. அவர் உங்கள் நோயாளிகளுடன் தனியே பேச ஓர் அறை ஒதுக்குங்கள். உங்கள் ஊழியர்களையும், குறிப்பாக இளைய செவிலியர்களை, பிற பிரிவுகளை ஆய்வு செய்ய அனுப்புங்கள். அடுத்த வார்டு செய்வதைப் பார்த்து வருபவர் கொண்டுவரும் யோசனையைச் சுற்றறிக்கையால் கொண்டுவர முடியாது.

ஆய்வறிக்கை தரச்சான்றுக் குழுவின் முன் வைக்கப்படும். நிறைவானால் சான்று பொதுவாக மூன்றாண்டுகளுக்குச் செல்லும். குறையிருந்தால் முடிவு ஒத்திவைக்கப்படும். ஒத்திவைத்தால் சோர்ந்துபோகாமல், ஒவ்வொரு குறைக்கும் பொறுப்பாளர் ஒருவரையும் கெடு நாளையும் அன்றே எழுதிவையுங்கள். குறையைத் திருத்தியதற்கு ஆதாரமாகப் புதிய கொள்கை ஆவணத்தை மட்டும் அனுப்பாமல், அது நடைமுறைக்கு வந்த பின் எழுதப்பட்ட கேஸ் ஷீட்டுகளின் தணிக்கை முடிவையும், நோயாளிகளின் அடையாளம் நீக்கி, உடன் அனுப்புங்கள்.