ஜெஃப் கூப்பரைப் புரிந்துகொள்ள ஒரு தண்ணீர் பாட்டில் போதும்

துப்பாக்கிப் பயிற்சியைப் பற்றி எதைப் படிக்க எடுத்தாலும் பத்தாவது நிமிடத்தில் ‘நான்கு விதிகள்’, ‘மஞ்சள் நிலை’ என்று ஏதாவது வந்து நிற்கும். யார் சொன்னது என்பதைப் பாதிப் பேர் சொல்லவே மாட்டார்கள். சொன்னவர் ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர். அவரைப் படிக்க நினைக்கும் புதியவர்களுக்கு ஒரு வரிசை போட்டுத் தருகிறேன். துப்பாக்கி தேவையில்லை. செடிக்குத் தண்ணீர் தெளிக்கும், விசை வைத்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலி பாட்டிலே போதும்.

படி 1: ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

1920இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். அமெரிக்க மரைன் படையில் இரண்டாம் உலகப் போரையும் கொரியப் போரையும் பார்த்து, லெப்டினன்ட் கர்னல் வரை உயர்ந்தவர். ஸ்டான்ஃபோர்டில் அரசியல் அறிவியல் படித்தார்; நடுவயதில் மறுபடி கல்லூரிக்குப் போய் வரலாற்றில் முதுகலை முடித்தார். 2006இல் இறந்தார். இதில் வரலாற்றுப் படிப்பை மட்டும் மனதில் வையுங்கள். அவரைவிட நன்றாகச் சுட்டவர்கள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். பார்த்ததற்குப் பெயர் வைத்து, நாலு வரியில் எழுதத் தெரிந்தவர் அவர்.

படி 2: பள்ளிக்கு முன் போட்டியைப் பாருங்கள்

1950களின் பிற்பாதியில் கலிஃபோர்னியாவின் பிக் பேர் மலையூரில் கூப்பரும் நண்பர்களும் கைத்துப்பாக்கிப் போட்டி நடத்தினார்கள். உறையிலிருந்து உருவி, யார் முதலில் இலக்கை அடிக்கிறார் என்பதுதான் ஆட்டம். பலரும் கௌபாய் படத்தில் வருவதுபோல இடுப்பருகே வைத்து ஒற்றைக் கையால் சுட்டார்கள். ஜாக் வீவர் என்ற போலீஸ்காரர் மட்டும் இரண்டு கையாலும் பிடித்து, கண்ணுக்கு நேரே உயர்த்தி, குறிபார்த்துச் சுட்டார். ஒரு கணம் தாமதம்தான், ஆனால் குண்டு இலக்கில் பட்டது. கூப்பர் இதைக் கவனித்து, ஏன் ஜெயிக்கிறது என்று யோசித்து, பிறகு எழுதியும் கற்பித்தும் பரப்பினார். அப்படி நின்று சுடும் முறைக்கு வீவர் பெயரையே வைத்தார்கள்.

1976இல் அரிசோனாவின் பால்டன் அருகே கன்சைட் என்ற பண்ணையில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அதுவரை இதெல்லாம் பெரும்பாலும் போலீசும் ராணுவமும் மட்டும் கற்ற வித்தை. இங்கே சாதாரணக் குடிமகனும் பணம் கட்டிச் சேரலாம். 1990களில் பள்ளி கைமாறியது. இன்றும் நடக்கிறது. அதே 1976இல் உருவான பன்னாட்டு நடைமுறைச் சுடுதல் கூட்டமைப்புக்கு அவர்தான் முதல் தலைவர். துல்லியம், வலிமை, வேகம் என்று பொருள்படும் மூன்று லத்தீன் சொற்களின் முதலெழுத்துகளை அந்த அமைப்பு இன்னும் முழக்கமாக வைத்திருக்கிறது.

படி 3: நான்கு விதிகளைக் கையால் படியுங்கள்

சரி, இப்போது பாட்டிலை எடுங்கள். எடுத்ததும் அப்படியே நில்லுங்கள். ஆள்காட்டி விரல் எங்கே இருக்கிறது? விசையின் மேல்தான் இருக்கும். நான் முதல்முறை செய்து பார்த்தபோது விரல் ஏற்கெனவே பாதி அழுத்தியிருந்தது. பாட்டிலின் மூக்கு சோபாவில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீரும் இருந்தது. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

விதிகள் இவை:

1. எல்லாத் துப்பாக்கியிலும் எப்போதும் தோட்டா இருக்கிறது.
2. அழிக்கத் தயாராக இல்லாத எதை நோக்கியும் குழலின் வாய் திரும்பக்கூடாது.
3. குறி இலக்கின் மேல் வரும்வரை விரல் விசைக்கு வெளியே.
4. இலக்கு எது என்பது உறுதியாகத் தெரிய வேண்டும்.

முதல் விதியை நிதானமாகப் படியுங்கள். ‘இருப்பதாக நினைத்துக்கொள்’ என்று அதில் இல்லை. ‘இருக்கிறது’ என்றே இருக்கிறது. நினைத்துக்கொள் என்றால், காலி என்று தெரிந்த துப்பாக்கிக்கு ஒரு தனிச்சலுகை மனதில் ஓடும். ‘காலின்னு நினைச்சேன்’ என்ற சொல் பிறப்பது அந்த இடத்தில்தான். மூன்றாவதை அவர் பொன்விதி என்பார். காரணம் உங்கள் கையிலேயே இருக்கிறது: பிடி கைக்குள் வந்ததும் விரல் தானாக மடங்கும். அதை நீட்டி பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டி வையுங்கள். மேசையில் வைத்துவிட்டு மறுபடி எடுங்கள். இருபது முறை செய்யுங்கள். ஏழெட்டு முறையாவது விரல் ஏமாற்றும்.

அப்புறம், பாட்டிலோடு ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு நடந்து பாருங்கள். வழியில் அதன் மூக்கு யார் யாரைத் தொட்டுப் போகிறது என்று எண்ணுங்கள். திரும்பும்போதும் கதவைத் திறக்கும்போதும்தான் இரண்டாம் விதி உடையும்.

படி 4: நிறங்கள்

தொடக்கத்தில் சொன்ன ‘மஞ்சள் நிலை’ இங்கிருந்துதான் வருகிறது: மனம் எவ்வளவு விழிப்பாக இருக்கிறது என்பதைக் கூப்பர் நான்கு நிறங்களால் சொன்னார். வெள்ளை என்றால் சுற்றி நடப்பது எதுவும் தெரியாத நிலை. மஞ்சள், பதற்றமில்லாத விழிப்பு. ஆரஞ்சு, குறிப்பாக ஒன்று கண்ணில் பட்டு ‘இது என்ன?’ என்று மனம் கேட்பது. சிவப்பு, தேவைப்பட்டால் செயல்படுவேன் என்று முடிவு செய்துவிட்ட நிலை. இவை ஆபத்தின் அளவுகள் அல்ல, உங்கள் மனத்தின் நிலைகள். பலர் இதைத்தான் குழப்பிக்கொள்கிறார்கள். போனைப் பார்த்தபடி சாலையைக் கடப்பவர், அங்கே வண்டியே இல்லாவிட்டாலும் வெள்ளையில்தான் இருக்கிறார். பயிற்சி எளிது: இன்று வெளியே போகும்போது, யாராவது உங்கள் அருகில் வந்த பிறகே அவரைக் கவனித்தீர்கள் என்றால் ஒரு கோடு போடுங்கள். மாலையில் எண்ணிப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

படி 5: எந்தப் புத்தகம் முதலில்

1972இல் வந்த ‘பிரின்சிபிள்ஸ் ஆஃப் பர்சனல் டிஃபென்ஸ்’. மெலிந்த புத்தகம். எப்படிச் சுடுவது என்ற பாடமே இல்லை. மனத்தைப் பற்றிய ஏழு தத்துவங்கள், முதலாவது விழிப்பு. ரைபிளில் ஆர்வமிருந்தால் அதற்குப் பிறகு 1997இல் வந்த ‘தி ஆர்ட் ஆஃப் தி ரைபிள்’.

அவருடைய பத்திக் கட்டுரைகளைக் கடைசிக்கு வையுங்கள். வேட்டை, அரசியல், மொழி என்று கண்டதையும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்வார். துப்பாக்கியைக் கண்டு அஞ்சுவதை ஒரு மனநோய்போல ஆக்கி ஒரு கிரேக்கச் சொல்லைக்கூட உருவாக்கினார். அது மருத்துவச் சொல் இல்லை, வாதத்தில் எதிராளியை மடக்கச் செய்த ஆயுதம் என்பது என் எண்ணம். சில பக்கங்கள் எரிச்சலூட்டும். அதற்காக மூன்றாவது விதி பொய்யாகிவிடாது.

படி 6: இரண்டு வாரம் கழித்து

பாட்டிலை மறந்துவிட்டு, வீட்டில் சுவரில் துளைபோடும் ட்ரில் மெஷினை எடுங்கள். பிளக்கை மாட்ட வேண்டாம். எடுத்த கணத்தில் விரல் எங்கே போய் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள்.