கற்பனை உலகத்துக்கு இனங்களைப் படைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் ஒரு மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் பகடை உருட்டி ரோல்-பிளேயிங் கேம் ஆடுகிறோம்; கற்பனை உலகம் ஒன்றில் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து கதையை நகர்த்தும் ஆட்டம் அது. ஆட்டத்தை நடத்துவது நான். புதிதாக வரும் தம்பிகள் சொந்தமாக உலகம் எழுதிக் கொண்டுவருகிறார்கள். என் பழைய நோட்டில் இருந்த அதே தவறுகள் அதிலும் இருக்கின்றன. வரைபடத்தில் ஆறு மேட்டில் ஏறுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அவை தானே சரியாகிவிடும்.

பிறப்போடு அறிவையும் குணத்தையும் கட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். இந்த வகை ஆட்டங்களில் பேர்போன டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில், ஹாஃப்-ஓர்க்காக (மனிதரும் ஓர்க் என்ற கற்பனை இனமும் கலந்தவர்) பிறந்தால் வலிமை 2 கூடும், அறிவு 2 குறையும். அதைப் பார்த்து நானும் எழுதினேன். என் உலகத்தில் தேரிக்காட்டுச் செம்மணலில் பனையேறிப் பிழைக்கும் ஒரு இனம். வலிமை கூடுதல், அறிவு குறைவு.

ஆட வந்த ஒரு தம்பி தாளை வெகுநேரம் பார்த்தான். "அண்ணே, இவங்களுக்குப் பொறக்கும்போதே அறிவு கம்மியா?" என்றான். "விதி அப்படில்லா இருக்கு" என்றேன். அவன் தாத்தா பனையேறியவர் என்பது பிறகுதான் தெரிந்தது. மறுவாரம் அவன் வரவில்லை. அவனோடு வந்த இரண்டு பேரும் வரவில்லை. ஏழு மாத ஆட்டம் அதோடு நின்றது.

கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்த்தே பிள்ளைகள் சாதி சொன்ன ஊர்ப்பக்கம் இது. இங்கே உட்கார்ந்துகொண்டு அப்படி ஒரு வரியை நான் எழுதியிருக்கக் கூடாது.

இப்போது ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்கிறேன்: இது உடம்போடு வந்ததா, வளர்ந்த இடத்தில் வந்ததா, செய்த வேலையில் வந்ததா? இருட்டில் கண் தெரிவது உடம்பு. வாள் பிடிப்பது யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் வரும். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பில் ஹை எல்ஃப் என்ற கற்பனை இனத்துக்கு இரண்டுமே பிறப்பிலேயே கிடைத்தன. 2019-இல் பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு 'ரேஸ்' (இனம்) என்ற சொல்லை விட்டு 'ஆன்செஸ்ட்ரி' (வம்சாவளி) என்றது. 2024-இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸும் 'ஸ்பீஷீஸ்' (உயிரினம்) என்று மாற்றியது, வலிமை, அறிவுக்கான கூடுதல் புள்ளிகளையும் வளர்ந்த பின்னணிக்கு மாற்றியது. ஆனால் பெயரை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே பழைய கணக்கையே வைத்திருக்கும் நோட்டுகளும் என்னிடம் வருகின்றன. அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

ஒரு இனம், ஒரே வழக்கம்

தாமிரபரணியின் மொத்த நீளமே சுமார் 128 கிலோமீட்டர். அதற்குள் மலை, வயல், தேரி, கடற்கரை எல்லாம் வந்துவிடுகின்றன. சாப்பாடும் பேச்சும் சாமியும் அதற்குள்ளேயே எத்தனை முறை மாறுகின்றன! ஒரு கண்டம் முழுக்க ட்வார்ஃபுகள் (கதைகளில் வரும் குள்ள இனம்) ஒரே மாதிரி கல்யாணம் செய்கிறார்கள் என்றால் எப்படி நம்புவது?

வாயில் நுழையாத பெயர்கள்

வேண்டாம்.

பண்பாட்டை உறைய வைப்பது

'ஆயிரம் வருடமாக முத்துக் குளிக்கும் மக்கள்' என்று ஒரு தம்பி எழுதியிருந்தான். அவனிடம் கொற்கையைப் பற்றிச் சொன்னேன். பாண்டியரின் முத்துத் துறைமுகம் அது. ஆற்று வண்டல் சேரச் சேரக் கடல் விலகிப்போனது, துறைமுகமும் காயல் என்ற ஊருக்கு நகர்ந்தது. கொற்கை இன்று கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது.

சரி, உன் மக்களை விட்டும் கடல் அப்படிப் போய்விட்டால்? எதைச் சாப்பிடுவார்கள்? யார் கிளம்பிப் போவார்கள், யார் மண்வெட்டி பிடிப்பார்கள்? பேரப்பிள்ளைகள் கடல் தெய்வத்துக்கு எந்தத் திசை பார்த்துப் படையல் வைப்பார்கள்? போன வாரம் பதில் எழுதிக் கொண்டுவந்தான். நான்கு பக்கம். அடுத்த ஞாயிறு அவன் உலகத்தில்தான் ஆடப்போகிறோம்.