வாடிய கன்றுக்கு எத்தனை குடம்?

வடசென்னையின் கத்திரி வெயிலில் மேற்கே இருந்து அனல் அடிக்கும். கடற்காற்று எட்டிப்பார்க்க மதியம் தாண்டிவிடும். திருவொற்றியூர் மணலில் வைத்த மரக்கன்றும் வியாசர்பாடிக் களிமண்ணில் வைத்த கன்றும் அப்போது ஒரே மாதிரி வாடாது. ஒரே தெருவில் நிற்கும் வேம்பும் நாவலும்கூட அப்படித்தான். எல்லாவற்றுக்கும் தினம் ஒரு சொம்பு என்று ஊற்றினால் வேர் மேல்மண்ணிலேயே சுற்றிக்கொண்டு, நாலு நாள் தண்ணீர் தவறியதும் கன்று போய்விடும்.

மதியம் இலை தொங்கினால் பதற வேண்டாம். காலை ஆறு மணிக்குப் பாருங்கள். நிமிர்ந்திருந்தால் இரவில் வேர் தேவையானதை இழுத்துக்கொண்டது என்று பொருள். விடிந்தும் தொங்கினால், விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் உடனே ஊற்றுங்கள். மண் ஈரமாக இருந்தும் வாடினால் வேர் அழுகுகிறது, தண்ணீரை நிறுத்துங்கள்.

வேம்பும் புங்கனும் தாகம் முற்றினால் இலையைக் கொட்டிவிட்டுக் குச்சியாக நிற்கும். செத்துவிட்டது என்று பிடுங்குவதற்கு முன் தண்டின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நுனி காய்ந்திருந்தாலும் கீழே இறங்கி இறங்கிச் சுரண்டிப் பாருங்கள், அடியிலிருந்து துளிர்க்கலாம். முருங்கை இன்னும் அழுத்தக்காரன். கிழங்கு போன்ற வேரில் நீரைச் சேர்த்து வைத்திருக்கும். மொட்டையாக நிற்கிறதே என்று குடம் குடமாக ஊற்றினால் அழுகியே சாகும்.

தூங்குமூஞ்சி, புளி இரண்டும் பொழுது சாய்ந்ததும் இலை மூடுவது வழக்கம்தான். நடுப்பகலிலும் மூடிக்கிடந்தால் கவனியுங்கள். நாட்டு வாதாம் இலை தை, மாசியில் சிவந்து கொட்டுவதும் தாகமல்ல. நாவலுக்குத்தான் பொறுமை குறைவு. இலை ஓரம் காய ஆரம்பித்தால் தாமதிக்காதீர்கள். முதல் இரண்டு கோடை அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். பனைக்கு இந்தக் கவலையே இல்லை. இலை வெளியே வருவதற்கு முன்பே முளை கீழே இறங்கிவிடும், நாம் தின்னும் பனங்கிழங்கு அதுதான். ஆகவே கன்றாக வாங்காமல் கொட்டையாகவே ஊன்றுங்கள்.

அளவுக்கு வருவோம். வீட்டுப் பிளாஸ்டிக் குடம் ஏறக்குறைய 15 லிட்டர் பிடிக்கும். முதல் கோடையில் மணலுக்கு இரண்டு நாளுக்கு ஒரு குடம், களிமண்ணுக்கு வாரம் இரண்டு குடம் போதும். நர்சரிக் கவரோடு வந்த செம்மண் உருண்டைதான் இதில் ஏமாற்றும். ஒருமுறை காய்ந்து இறுகினால் செங்கல் மாதிரி ஆகிவிடும். ஊற்றும் தண்ணீர் அதைச் சுற்றி ஓடி மணலில் இறங்கிவிட, பாத்தி நனைந்திருக்கும், வேர் காய்ந்திருக்கும். முதலில் கால் குடம் தண்டையொட்டி மெதுவாக ஊற்றி, பத்து நிமிடம் விட்டு மிச்சத்தை ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மெல்லிய கம்பியைக் குத்துங்கள்: ஒரு அடி சுலபமாக இறங்க வேண்டும். களிமண் வெடித்திருந்தால் வெடிப்பை மண் போட்டு மூடிவிட்டு ஊற்றுங்கள். இல்லாவிட்டால் குடத்துத் தண்ணீர் முழுவதும் அதற்குள்ளேயே போய்விடும்.

காய்ந்த இலைச் சருகை மூன்று அங்குலம் பரப்புங்கள், தண்டைத் தொடாமல் நாலு விரல் தள்ளி. வாட்டத்தில் யூரியா போடவே கூடாது.

எண்ணூர், மீஞ்சூர் பக்கம் போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை நுனி கருகும். அதைத் தாகம் என்று எண்ணி அதே நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி ஊற்றினால் உப்பு வேரடியில் தங்கும். இடைவெளி விட்டு நிறைய ஊற்றினால் அது கீழே இறங்கும். அங்கே பூவரசு, புன்னை, புங்கன் வைப்பதே புத்திசாலித்தனம். ஆர்.ஓ. கழிவுநீர் வேண்டாம், அதில் உப்பு இன்னும் அதிகம். ஏசியிலிருந்து சொட்டும் நீர் நல்லது, வாளி வைத்துப் பிடியுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் வேம்பின் பாத்தி வரப்பை ஒரு பக்கம் உடைத்துவிடுங்கள். கோடையைத் தாங்கிய வேம்பு, அடியில் பத்து நாள் தண்ணீர் நின்றால் தாங்காது. புங்கனை அப்படியே விடலாம்.