குவீன்ஸில் கதவெண் பார்த்து நடக்க

நியூயார்க்கின் குவீன்ஸுக்கு வரும் உறவுக்காரர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது கதவெண் பார்ப்பதைத்தான். 45-57 பவுன் ஸ்ட்ரீட் என்றால், 45ஆவது அவென்யூவை ஒட்டி 57ஆம் எண். கோட்டுக்கு முன்னால் குறுக்குத்தெரு, பின்னால் வீடு. ஸ்ட்ரீட் வடக்கு தெற்காகவும் அவென்யூ கிழக்கு மேற்காகவும் ஓடும்.

அதோடு விட்டார்களா? அவென்யூவுக்கு அடுத்து அதே எண்ணில் ரோடு, டிரைவ் என்று வரும். வந்த புதிதில் மாஸ்பெத்தில் ஒரு வீட்டுக் கொலுவுக்குக் கிளம்பி, கையில் வெற்றிலை பாக்கோடு 60ஆவது அவென்யூ, ரோடு, டிரைவ் மூன்றிலும் அலைந்தேன். போய்ச் சேர்ந்தபோது சுண்டல் தீர்ந்திருந்தது. 1898இல் நியூயார்க்கோடு இணையும்வரை தனித்தனி ஊர்களாக இருந்த இடம் இது. ஆளுக்கொரு தெருப்பெயர் வைத்திருந்ததால், பிறகு எல்லாவற்றுக்கும் எண் போட்டார்கள். இன்றும் விலாசத்தில் குவீன்ஸ் என்று எழுதமாட்டோம். ஃப்ளஷிங், அஸ்டோரியா என்று பழைய ஊர்ப்பெயர்தான்.

அந்த 45-57 பவுன் ஸ்ட்ரீட் ஒரு பிள்ளையார் கோவில். அங்கே போக, 7ஆம் எண் ரயிலில் ஃப்ளஷிங்கில் உள்ள கடைசி நிறுத்தம் வரை வாருங்கள். நடுவில் 74ஆவது ஸ்ட்ரீட்டில் இறங்கிவிட வேண்டாம். ஜாக்சன் ஹைட்ஸ் புடவைக் கடைகளில் நுழைந்தால் பொழுது போய்விடும். மெயின் ஸ்ட்ரீட்டில் இறங்கி, கிழக்கே நடந்தால் பவுன் ஸ்ட்ரீட். முதலில் வடக்கே 37-01க்குப் போங்கள். 1661வாக்கில் கட்டிய ஜான் பவுன் வீடு. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரை ஊருக்குள் சேர்க்கக் கூடாது என்று அப்போது இங்கே ஆண்ட டச்சு ஆளுநர் ஸ்டைவசண்ட் உத்தரவு போட, 1657இல் ஃப்ளஷிங்காரர்கள் முடியாது என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார்கள். பவுன் தன் வீட்டிலேயே குவேக்கர்களைக் கூட்டியதற்காக 1662இல் நாடு கடத்தப்பட்டார். மனிதர் ஆம்ஸ்டர்டாம் வரை போய் வழக்காடி, ஜெயித்துத் திரும்பினார்.

இனி அதே தெருவில் தெற்கே திரும்புங்கள். குறுக்குத்தெருக்களில் எண் மறைந்து ஆஷ், பீச், செர்ரி என்று மரப்பெயர்களாக வரும். ஃப்ளஷிங் ஒரு காலத்தில் மரக்கன்று வளர்க்கும் பெரிய நர்சரி ஊர். குழம்பாமல் வீட்டுக் கதவுகளைப் பாருங்கள். 41, 43 என்று ஏறி, 45-57இல் பிள்ளையார் கோபுரம் தெரியும். கும்பாபிஷேகம் நடந்தது 1977 ஜூலை 4, ஃப்ளஷிங்காரர்கள் அந்தக் கடிதம் எழுதி 320 வருஷம் கழித்து.

சாமி கும்பிட்டுவிட்டுக் கீழ்த்தளத்து கேண்டீனுக்கு இறங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் ஒருவர் தோசைக்கு வரிசையில் நிற்க, இன்னொருவர் மேஜை பிடிக்க வேண்டும்.