பனிக்குழி வெட்டி அடுக்குகளைச் சோதிப்பது எப்படி

உயிரைக் குடிக்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி சாய்வில் கிளம்புகின்றன. மேலே இறுகிய பனி ஒரு பலகைபோலக் கிடக்கும். அதற்கடியில் பிடிப்பில்லாத மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கும். அது ஓரிடத்தில் நொறுங்கினால் விரிசல் கண்ணிமைப்பதற்குள் பரவி, பலகை மொத்தமாக வழுக்கிவிடும். குழி வெட்டுவது அந்த அடுக்கைத் தேடத்தான்.

முதலில் இடம். நீங்கள் போகப்போகும் சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறதோ, எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதேபோன்ற சின்னச் சரிவாகப் பாருங்கள். அதற்கு மேலே பெரிய சரிவு தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. மரத்தடியும் பழைய தடங்கள் உள்ள இடமும் உதவாது. புரோப் கம்பியால் நாலைந்து இடங்களில் குத்தி ஆழம் பார்த்து, பாறை தட்டாத இடத்தில் தோண்டுங்கள். 1.5 மீட்டர் அகலம், 1.2 முதல் 1.5 மீட்டர் ஆழம் போதும். மேல்பக்கப் பனியை யாரும் மிதிக்கக் கூடாது. சோதனை நடப்பது அங்கேதான்.

குழிச் சுவரை ஷவலால் வழவழப்பாகச் சீவிவிட்டு, மேலிருந்து கீழாகக் கையால் அழுத்திப் பாருங்கள். எது உள்ளே இறங்குகிறது என்பதை வைத்து, முஷ்டி, நாலு விரல், ஒரு விரல், பென்சில், கத்தி என்று கடினம் ஐந்து படி. ஒரு விரல் மட்டும் இறங்கும் அடுக்குக்குக் கீழே முஷ்டியே புகுந்துவிடுகிறது என்றால், அங்கே நிறுத்துங்கள். அந்தப் பனியில் கொஞ்சத்தைக் கறுப்புக் கையுறையில் கொட்டி லென்ஸால் பாருங்கள். சர்க்கரைபோல உதிரும், ஒட்டாத, முனை கூரான மணிகள் என்றால் ஆபத்து. இறகுபோன்ற தட்டையான படிகங்கள் என்றால், பனி மேற்பரப்பில் உறைந்த ஈரம் பின்னால் பெய்த பனியில் புதைந்திருக்கிறது. அது வாரக்கணக்கில் வலுவில்லாமலே இருக்கும். 10 செ.மீ.க்கு ஒரு முறை வெப்பநிலையும் எடுங்கள். 10 செ.மீ.க்குள் 1 டிகிரி செல்சியஸுக்கு மேல் மாறினால், சர்க்கரை மணிகள் வளரச் சூழல் தோதாக இருக்கிறது.

அடுத்தது தூண் சோதனை. சரிவின் குறுக்கே 90 செ.மீ., மேல்நோக்கி 30 செ.மீ. அளந்து, இரண்டு பக்கமும் பின்புறமும் பனியைப் பிரியுங்கள். பின்புறத்துக்கு முடிச்சுப் போட்ட கயிறுதான் வசதி: பின்மூலைகளில் இரண்டு கம்பிகளை நட்டு, கயிற்றை அவற்றின் பின்னால் சுற்றி இழுத்து இழுத்து அறுக்க வேண்டும். சந்தேகப்படும் அடுக்குக்குக் கீழேவரை அறுபட வேண்டும். பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால் முடிவு தப்பாக நல்லதாகத் தெரியும். அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

தூணின் ஒரு முனையில் ஷவலை வைத்து, மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. ஓங்கி அடிக்காமல் கையின் எடையிலேயே விழவிடுங்கள். விரிசல் விட்ட தட்டிலோ அதற்கு அடுத்த தட்டிலோ அது 90 செ.மீ.யும் ஓடிவிட்டால், அந்த மாதிரிச் சரிவுகளை அன்றைக்கு விட்டுவிட வேண்டியதுதான்.

பரவவில்லையா? அதை வைத்து மட்டும் இறங்காதீர்கள். இருபது மீட்டர் தள்ளிக் காற்று வேறு மாதிரி பனியைக் குவித்திருக்கலாம். அடுக்கு ஒரு மீட்டருக்கும் ஆழத்தில் இருந்தால் தட்டின் வேகம் அதுவரை சரியாக எட்டாது. 'வும்ப்' என்று பனி அமுங்கும் சத்தம், காலடியிலிருந்து ஓடும் விரிசல், பக்கத்தில் அன்றே விழுந்த பனிச்சரிவு: இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் குழி தேவையே இல்லை, முடிவு தெரிந்துவிட்டது. சரிவை விட்டுக் கிளம்புங்கள்.

வேலை முடிந்ததும் குழியை மூடிவிடுங்கள். பின்னால் வருகிறவர் மங்கிய வெளிச்சத்தில் அதற்குள் விழுந்து தொலைக்கக் கூடாது.