செம்மண் தூசியும் லாச்சி ஓட்டமும்

மாங்குளத்தில் என் கராஜில் ஸ்பனர்கள் வைக்கும் இரும்புப் பெட்டியின் கீழ் லாச்சி (இழுப்பறை) இழுத்தால் பாதியிலேயே இறுகி நின்றுவிடும். எஞ்சின் ஒயில் விட்டேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. அப்புறம் பார்த்தால் சோளகக் காற்றில் வந்த செம்மண் தூசி ஒயிலோடு குழைந்து, அரைத்த கூட்டு மாதிரித் தண்டவாளத்தில் அப்பிக் கிடந்தது.

சரி என்று லாச்சியைக் கழற்றினேன். மண்ணெண்ணெய் தொட்ட பழைய பல் தூரிகையால் தேய்த்து, துடைத்து, முழுக்கக் காயவிட்டேன். முக்கால்வாசி வேலை இதுதான், அவசரப்படவே கூடாது. பிறகு டெஃப்லோன் ஸ்பிரே அடித்தேன். அதன் ஈரம் ஆவியாகி உலர்ந்த படலம் மட்டும் மிஞ்சுவதால் தூசி அவ்வளவாக ஒட்டாது. பாரம் கூடிய லாச்சியின் போல் பேரிங்குக்கு (உருளும் சிறு குண்டுகளுக்கு) மட்டும் லிதியம் கிறீஸ், அதுவும் மிக மெல்லிதாக. மர லாச்சி என்றால் மெழுகுதிரி தேய்த்தாலே போதும்.

இப்போது ஸ்பனர்கள் நிறைந்திருக்கும்போதும் ஒரு விரலுக்கே வருகிறது.